சுடுகாட்டுக்கும் ஒரு பிளான் வேண்டும்!

தலைப்பைப் பார்த்ததும், "ஆண்டு மலரில் எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். வீடு, பள்ளிக்கூடம், பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் டிராயிங் போடுகிறோம். மனிதன் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்துக்கு மட்டும் நம்மில் யாரும் ஸ்கேல் வைத்ததில்லை. இது சரியா?

நம் முன்னோர்கள் அப்படி இருக்கவில்லை. மதுராந்தகம் வட்டத்துச் சானூரில் 1950-லும் 1952-லும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. கிடைத்தவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். பெருங்கற்களை வட்டமாக நிறுத்தி, உள்ளே சிறு கற்களைக் குவித்து, அடியில் கால் வைத்த சுடுமண் பேழைகளைப் புதைத்திருக்கிறார்கள். கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்வட்டங்கள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன தெரியுமா? குன்றின் ஓரம், ஏர் ஓட்ட முடியாத சரளை மேட்டில், ஏரிக்குப் பக்கத்தில். விளைநிலம் வாழ்கிறவர்களுக்கு, மேட்டு நிலம் மாண்டவர்களுக்கு! இதைவிட நல்ல சைட் செலக்‌ஷன் உண்டா?

இதே யோசனை ஸ்வீடன் நாட்டிலும் பிறந்தது. ஸ்டாக்ஹோம் நகரக் கல்லறைக்காக 1915-ல் நடந்த போட்டியில் சிகுர்ட் லெவரென்ட்ஸ், குன்னார் ஆஸ்ப்லுண்ட் என்ற இருவர் வென்றார்கள். அந்த இடம் பைன் மரங்கள் மண்டிய பழைய சரளைக் குழி. மரத்தை வெட்டித் தள்ளாமல், மர நிழலிலேயே கல்லறைகளை அமைத்தார்கள். காட்டின் நடுவே நேர்கோடாக ஒரு நீண்ட பாதை, அதன் முடிவில் ஒரு சிற்றாலயம். அங்கே கல்லறைகள் அடங்கி நிற்கின்றன. காடுதான் பெரிதாகத் தெரிகிறது. 1994-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே லெவரென்ட்ஸ் எழுபது வயதைத் தாண்டியபின் இரண்டு தேவாலயங்கள் கட்டினார். பியார்க்ஹாகன் 1960, கிளிப்பான் 1966. உள்ளும் வெளியும் பூச்சு கிடையாது. ஒரு செங்கல்லைக்கூட உடைக்கக் கூடாது என்பது அவர் சட்டம்! அளவு சரிவராத இடத்தில் கல்லை வெட்டாமல் கலவையைத்தான் கூட்டிக் குறைத்தார். நாமோ முதல் வருடத்திலேயே குயின் குளோசர் வெட்டக் கற்கிறோம். என் அப்பா சூளையில் செங்கல் அறுப்பவர். அந்தப் படத்தைக் காட்டினேன். "நாங்க அறுக்கிற கல்லு எல்லாம் பூச்சுக்குள்ள மறைஞ்சி பூடுது. இவரு வெளிய காட்டி வெச்சிருக்காரேடா!" என்றார்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். எங்கள் ஆயா ஐப்பசி மழையில் இறந்தார். பாடையைத் தூக்கியவர்கள் முழங்கால் சேற்றில் வரப்பு மேல் தடுமாறிப் போனார்கள். ஊர்ச் சுடுகாட்டுக்குத் தார் ரோடு. காலனிச் சுடுகாட்டுக்கு வரப்பு. செத்த பிறகும் இரண்டு எஸ்டிமேட்! கல்வட்டங்களின் கதியும் இதுதான். பல இடங்களில் கற்கள் ஜல்லியாகிவிட்டன. படாளம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜல்லி லாரிகள் போகின்றனவே, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"உயிரோட இருக்கறவனுக்கே வீடில்ல, செத்தவனுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது பளிங்கு மண்டபம் அல்ல. மழையிலும் நடக்கக்கூடிய ஒரு பாதை, ஒரு கைப்பம்பு, புங்கன், பூவரசு நிழல், பூசாத செங்கல்லில் உட்கார ஒரு திண்ணை. சானூர்க்காரர்கள் கையருகே கிடைத்த கல்லையும் மண்ணையும் வைத்துத்தான் செய்தார்கள். முக்கியமானது இன்னொன்று: எல்லா ஜாதிக்கும் ஒரே பாதை, ஒரே மயானம். பாதை பொதுவானால் மனம் உடனே மாறிவிடாது. ஆனால் பாதையே இரண்டாக இருக்கும்வரை மாறவே மாறாது.

எனவே ஒரு யோசனை. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வரைவதை விட்டுவிட்டு, அவரவர் ஊர் மயானப் பாதையைச் சங்கிலி பிடித்து அளப்போம். லெவல் எடுத்து எஸ்டிமேட் போட்டு, கிராம சபையில் கொடுப்போம். என் ஊர் டிராயிங் மே 1 கூட்டத்துக்குத் தயாராகிவிடும். உங்கள் ஊருக்கு யார் போடப் போகிறீர்கள்?