ஸ்தல ஸ்தாபனங்களுக்கு யார் துணை?

உலகத்திலுள்ள நகரசபைகளும் மாநகராட்சிகளும் பிராந்திய சர்க்கார்களும் அங்கம் வகிக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. இக்லி என்று அதற்குப் பெயர். 1990-ம் வருஷம் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சபையின் கட்டடத்தில் கூடிய மாநாட்டில் இது பிறந்தது. 43 நாடுகளிலிருந்து 200-க்கு மேற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் அதில் பங்கெடுத்தன. இன்று 125-க்கு மேற்பட்ட நாடுகளில் 2,500-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் இந்த வலைப்பின்னலில் உள்ளன. தலைமைக் காரியாலயம் ஜெர்மனியில் பான் நகரில். தெற்காசியாவுக்கான காரியாலயம் டில்லியில். இது லாபத்துக்காக நடக்கும் கம்பெனி அல்ல. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு யோசனை சொல்வது, கணக்கெடுக்கக் கற்றுக் கொடுப்பது, பணம் கிடைக்கும் வாசலைக் காட்டுவது ஆகியவைதான் அதன் வேலை.

இந்தச் சங்கத்தைப் பற்றி வலங்கைமானில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு மாநகரங்களின் குளிர்சாதன மண்டபங்களில் நடக்கிறது. அதன் அடி விழுவதோ குடமுருட்டிக் கரையிலும் வெட்டாற்றுக் கரையிலும். பேச்சு ஓரிடத்திலும் அடி வேறிடத்திலுமாக இருக்கும்போது, நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலக மாநாட்டின் தீர்மானத்தில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கென்று தனி அத்தியாயம் இடம் பெற்றதில் இந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ராஜ்யத்திலும் அது வேலை செய்திருக்கிறது. சுவிட்சர்லாந்து சர்க்காரின் பண உதவியோடு முதலில் கோயம்புத்தூரிலும், பிறகு திருச்சி, திருநெல்வேலி மாநகராட்சிகளிலும் திட்டம் நடத்தியது. தண்ணீர் இறைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, தெருவிளக்குக்கு எவ்வளவு, குப்பையிலிருந்து எவ்வளவு நச்சு வாயு கிளம்புகிறது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். கோவை உக்கடம் பெரியகுளத்தின் நீர்மேல் சூரிய மின்தகடுகள் மிதப்பதும் இந்த முயற்சியில் விளைந்ததே. இவற்றை நாம் கேலி செய்யவில்லை. தன் மின்சாரச் செலவைத் தானே அறியாத நகரசபைக்கு அதை எடுத்துக் காட்டுவது நல்ல காரியம்.

ஆனால் கோவை, திருச்சி, திருநெல்வேலி மூன்றும் மாநகராட்சிகள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டும் சுமார் 12,500 இருக்கின்றன. அவற்றின் வாசலுக்கு இந்த உதவி எப்போது வரும்? சங்கத்தில் சேரச் சந்தா கட்ட வேண்டும். கணக்கெடுக்க இஞ்சினீயர் வேண்டும், அறிக்கை தயாரிக்க ஆள் வேண்டும். ஒரு செயலரையும் ஒன்றிரண்டு துப்புரவுப் பணியாளர்களையும் ஒரு தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டரையும் வைத்துக்கொண்டு காலந்தள்ளும் ஊராட்சிக்கு இதெல்லாம் எங்கே முடியும்?

டெல்டாவில் கடந்த சில வருஷங்களில் நடந்ததைப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறித் தென்னையை வேரோடு சாய்த்தது. 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவைப் பருவம் தவறிய மழை படுக்க வைத்தது. அதே வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது என்று நம்பிக் குறுவை போட்டவர்களின் பயிர், தண்ணீர் வராமல் கடைமடையில் கருகியது. 2024-ல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-ந் தேதிதான். 2025 அக்டோபரில், கொள்முதல் நிலைய வாசல்களில் குவிந்து கிடந்த குறுவை நெல் மழையில் நனைந்து முளை விட்டது. நூற்றுக்குப் பதினேழு ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் டில்லியைப் பார்த்துக் கையேந்தினார்கள்.

இவையெல்லாம் பருவநிலை மாற்றத்தின் வேலை என்று நாம் சொல்லிவிடவில்லை. அப்படிச் சொல்வது சில பேருக்குச் சௌகரியமாக இருக்கிறது. மழை பெய்ததற்கு வானத்தைச் சொல்லலாம். மூட்டைக்குச் சாக்கும், நெல்லுக்குக் கூரையும், ஏற்றிச் செல்ல லாரியும் இல்லாமல் போனதற்கு யாரைச் சொல்வது? 2023 குறுவை கருகியதற்குக் காவிரியில் தண்ணீர் பகிர்வதில் நடந்த இழுபறியும் காரணம். வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிர்வாகம் நழுவிப்போக இந்தப் பருவநிலைப் பேச்சு வழி செய்து விடக்கூடாது.

நடவு ஆள் ஒரு அம்மாள் நம்மிடம் கேட்டார்: “ஏந் தோழர், வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துதே, பதினோரு மணிக்கே கரை ஏறிட்டா அரைக் கூலிதானுங்களே?” கார்பன் கணக்கில் இந்த அரைக் கூலிக்கு இடம் கிடையாது. பயிர் நஷ்டத்துக்கு நிவாரணம் நிலத்தின் மேல் கணக்குப் போட்டுக் கொடுக்கப்படுகிறது. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் பதிவில்லாமல் சாகுபடி செய்கிறவனுக்கு அது கைக்கு வருவது குதிரைக் கொம்பு. நிலமே இல்லாத கூலியாளுக்கு எதுவுமே இல்லை.

வெளிநாட்டு தர்ம ஸ்தாபனங்களின் யோசனை தஞ்சைத் தரணிக்குப் புதியதல்ல. 1960-61-ல் அமெரிக்காவின் போர்டு பவுண்டேஷன் யோசனையோடும் உதவியோடும் ‘பாக்கேஜ் திட்டம்’ என்ற தீவிர விவசாயத் திட்டம் வந்தது. முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, ரசாயன உரம், பூச்சி மருந்து, கூட்டுறவுக் கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. பின்னால் ஆடுதுறை 27 ரக நெல்லும் வந்தது. விளைச்சல் கூடியது; மறுப்பதற்கில்லை. ஆனால் கடன் யாருக்குக் கிடைத்தது? காட்டுவதற்கு நிலம் வைத்திருந்தவனுக்கு. கூடுதல் விளைச்சலில் கூடுதல் கூலி கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கீழ்வெண்மணி சொல்லும். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அடுத்த வருஷம் டில்லி உள்துறை மந்திரி சபையே ஓர் அறிக்கை தயாரித்து, புதிய விவசாய முறையின் லாபம் சமமாகப் பரவாததே கிராமங்களில் கொந்தளிப்புக்குக் காரணங்களில் ஒன்று என்று ஒப்புக்கொண்டது.

அந்த நிபுணர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டார்கள். யாருடைய ஏக்கர் என்று கேட்கவில்லை. இன்று எத்தனை டன் கார்பன் என்று கேட்கிறவர்களிடமும் அதே கேள்வியைத்தான் நாம் போட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் ஓர் ஆள் கணக்குக்கு வருஷத்தில் வெளிவரும் கரியமில வாயு சுமார் 2 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன். அந்த அமெரிக்காவின் ராக்பெல்லர் பவுண்டேஷன் பணத்தில் ஆசிய நகரங்களுக்கென்று ஒரு பருவநிலை வலைப்பின்னல் 2008-ல் துவங்கியது. இக்லியும் அதில் கூட்டாளி. எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்த சொத்து பருவநிலையைக் காக்கப் புறப்பட்டிருப்பது வேடிக்கைதான், போகட்டும்.

நெல் வயலில் தேங்கும் தண்ணீரிலிருந்து மீத்தேன் வருகிறது என்பது விஞ்ஞான உண்மை. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிக்குத் தெரிந்த வித்தைதான் இது. ஆனால் காயவிட்ட வயலுக்கு வேண்டிய அன்று தண்ணீர் வரும் என்ற உறுதி வேண்டாமா? முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆற்றில், அடுத்த முறை வருமோ வராதோ என்று இருக்கிறவன் கிடைத்த தண்ணீரைத் தேக்கத்தான் செய்வான். ஆக, மீத்தேன் பிரச்னையும் வாய்க்கால் பிரச்னைதான்.

வாய்க்காலுக்கு வருவோம். ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அவற்றிலிருந்து வயலுக்குப் பிரியும் சி, டி வாய்க்கால்கள் ஊராட்சியின் தலையிலும் விவசாயிகளின் தலையிலும். பெரிய ஆற்றைத் தூர் வாரி, மந்திரிகள் பார்வையிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சி, டி வாய்க்காலில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் ஆற்றில் வரும் தண்ணீர் வயலுக்கு வராது. வயலில் நிற்கும் மழைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாது. வறட்சியிலும் சாவு, வெள்ளத்திலும் சாவு. இந்த வேலையை ஓரளவு நூறு நாள் வேலையில் செய்து வந்தோம். 2005-ம் வருஷத்து அந்தச் சட்டத்தை 2025 டிசம்பரில் எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது மத்திய சர்க்கார். முன்பு சாதாரண வேலைக்கான கூலி முழுவதும் டில்லி கொடுத்தது. புதுச் சட்டத்தில் செலவில் நூற்றுக்கு 40 ராஜ்ய சர்க்காரின் தலையில், ஒதுக்கீட்டுக்கும் வரம்பு. நாட்களை 125 என்று காகிதத்தில் உயர்த்தி என்ன பயன்? தூர் வாருவதுதான் டெல்டாவின் பருவநிலைத் திட்டம். அதன் கழுத்தைப் பிடித்துவிட்டு உலக மாநாடுகளில் பிரசங்கம் செய்கிறார்கள்.

இதைவிட அடிப்படையான விஷயம் ஒன்று. ஸ்தல ஸ்தாபனத்துக்கு உதவ வேண்டுமானால் முதலில் ஸ்தல ஸ்தாபனம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. மறு தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. கஜா புயல் அடித்தபோது கிராமத்தில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் யாரும் பதவியில் இல்லை. பிறகு 2019-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்தது. திருவாரூர் ஜில்லா உள்பட அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. 2025 அக்டோபரில் நெல் முளைத்தபோதும் தனி அலுவலர் ஆட்சிதான். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தவன் பதவியில் இல்லாத சமயம் பார்த்துப் புயலும் வெள்ளமும் வருகின்றன. வானத்தின் மேல் குற்றமில்லை. தேர்தலைத் தள்ளிப்போடும் கட்சிகள், அவை எந்த நிறமானாலும் சரி, இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 29 விஷயங்களை ஊராட்சிகளுக்கு உரியதாக அட்டவணை போட்டது. சிறுபாசனம், மண் பாதுகாப்பு, சமூகக் காடு, மரபுசாரா மின்சக்தி எல்லாம் அதில் இருக்கின்றன. பருவநிலைக் காரியம் என்று இன்று எதைச் சொல்கிறார்களோ அது முக்கால்வாசி அந்தப் பட்டியலில் 1993-லிருந்தே உட்கார்ந்திருக்கிறது. அதிகாரமும் பணமும் மட்டும் வந்து சேரவில்லை. ராஜ்ய சர்க்கார் பருவநிலை இயக்கம் என்று ஒன்று அமைத்திருக்கிறது. ஜில்லாவில் அதற்குத் தலைமை கலெக்டர்!

வெள்ளைக்காரன் காலத்திலும் ஜில்லா போர்டுக்குக் கலெக்டர்தான் தலைவர். ஆனாலும் அந்தத் தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு கூடுதல் தீர்வை வசூலித்து மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1894-ல் வண்டி ஓடியது. மிராசுதார்களின் போர்டுதான் அது. தீர்வைச் சுமை கடைசியில் குத்தகைக்காரன் முதுகில் இறங்கியிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் ஓர் ஸ்தல ஸ்தாபனம் ரயில் பாதை போட்ட மண்ணில், இன்று ஒரு மதகுக்குப் பலகை மாற்ற மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் பாங்கில் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. கேரளத்தில் 1996-ல் இடதுசாரி சர்க்கார் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கே பிரித்துக் கொடுத்தது. அந்தப் பயிற்சி இருந்ததால்தான் வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016-ல் கார்பன் கணக்கைச் சமன் செய்வோம் என்று இறங்க முடிந்தது. தணல் என்ற தொண்டு நிறுவனம் அங்கே துணை நின்றது. மரம் நட்டுக் காப்பாற்றும் விவசாயிக்கு மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் கூட்டுறவு பாங்கு மூலம். மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். கூப்பிட்டது ஊராட்சி, துணைக்கு வந்தது தொண்டு நிறுவனம், பணம் கொடுத்தது ராஜ்ய சர்க்கார். இந்த வரிசைதான் முக்கியம். இது தலைகீழாகிப் பணக்காரத் தேசம் பணம் கொடுத்து, நிபுணர் திட்டம் எழுதி, ஊராட்சி கையெழுத்து மட்டும் போடுமானால் அது மறுபடியும் பாக்கேஜ் திட்டமாகத்தான் முடியும்.

ஆகவே இக்லி போன்ற சங்கங்கள் டெல்டாவுக்கு வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரட்டும். கணக்கெடுக்கும் வித்தையை ஊராட்சிச் செயலருக்கும் நம் விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் தமிழில் கற்றுக் கொடுக்கட்டும். கணக்கில் கார்பனோடு வெயிலில் போன கூலி நாளையும், வடியாமல் நின்ற வயலையும், பதிவில்லாத குத்தகைக்காரனையும் சேர்க்கட்டும். அறிக்கையைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெறட்டும்.

நமக்கு உடனடி வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபையில் வலங்கைமான் ஒன்றியத் தோழர்கள் ஊர் ஊராக மூன்று விஷயம் கேட்க வேண்டும். சி, டி வாய்க்கால்களின் பட்டியலை, நீளத்தோடும் கடைசியாகத் தூர் வாரிய தேதியோடும், சபையில் படிக்கச் சொல்ல வேண்டும். பேரூராட்சி எல்லைக்குள் ஓடும் வாய்க்காலுக்குப் பேரூராட்சியிலும் இதே பட்டியல் கேட்க வேண்டும். ஊராட்சித் தேர்தலுக்குத் தேதி கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். தனி அலுவலர் தீர்மானத்தைப் பதிவு செய்யத் தயங்கினால், தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது.