முகமில்லாத மீனவர்

மட்டக்களப்பு வாவி, உதயசூரியன், வீச்சுவலை எறியும் மீனவர். முகம் மட்டும் ஒரே இருட்டு. நமது புகைப்படக் கழகப் போட்டிகளில் பரிசு பெரும்பாலும் இந்தப் படத்திற்கே. அழகில் குறையில்லை, மீனே இல்லாத இடத்தில் படத்துக்காக வலை விழுவதும் உண்டு, அது வேறு கதை.

1930களில் இலங்கைப் புகைப்படச் சங்கத்தில் முன்னின்ற லயனல் வென்ற், சாதாரண மனிதரையும் முகம் தெரியப் படமெடுத்ததுண்டு.

போர்க்காலத்தில் கல்லடிப் பாலத்தில் நின்று கமெராவை வெளியே எடுக்கவே அஞ்சினோம். 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலரிடம் பழைய குடும்பப் படம்கூட மிஞ்சவில்லை. அச்சமின்றி எடுக்கக்கூடிய இன்றும் நிழலுருவத்துக்கே பரிசென்றால், இந்த மனிதரை அவருடைய பேரன் எங்கே தேடுவான்?

நடுவர்களே, மீனவரிடம் கேட்டு அவர் பெயரையும் ஊரையும் எழுதாத படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அன்று என்ன மீன் பட்டது என்பதையும் எழுதட்டும்.