கர்ப்பிணிக்குக் கண்டமா, சர்க்கரையா?

போடிநாயக்கனூரிலும், அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களிலும், கர்ப்பமான ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கின்றது என்று டாக்டர் சொன்னால், வீட்டார் முதலில் கேட்பது என்ன மருந்து என்பதல்ல. "எங்கள் வம்சத்திலேயே இல்லாத வியாதியாயிற்றே, மறைத்துக் கட்டி வைத்தீர்களா?" என்றுதான் பெண் வீட்டாரைக் கேட்கின்றார்கள். அடுத்தபடி ஜோசியர் வருகின்றார். அவர் கண்டம் என்கின்றார். விளக்குப் போடு, விரதம் இரு என்கின்றார். பத்துப் பொருத்தம் பார்த்த அதே மனிதர்தானே இவர்? அன்று அந்தப் பத்தில் ஒன்றிலாவது இந்தச் சர்க்கரை அவர் கண்ணுக்குத் தென்பட்டதா என்று கேட்கின்றோம்.

தோழர்களே! இதில் கண்டமும் இல்லை, சாபமும் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில நீர்கள் தாயின் உடம்பில் இன்சுலின் செய்யும் வேலையை மட்டுப்படுத்துகின்றன. அநேகம் பெண்களுக்குக் கணையம் கூடுதலாய்ச் சுரந்து அதைச் சரிக்கட்டி விடும்; முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலினோ போகாது. ஆகவே பிள்ளையின் கணையமே அதிகமாய்ச் சுரந்து பிள்ளை கொழுத்து வளர்கின்றது. இதைக் கண்டுதான் நம் பாட்டிமார் "ராஜா மாதிரி பிள்ளை" என்று பூரித்து, "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று வளைகாப்புப் பலகாரத்தை மேலும் திணிக்கின்றார்கள். பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டால் அந்த ராஜாவை வெளியே எடுக்கப் பாட்டியால் ஆகுமா?

சர்க்கரை பணக்கார வியாதி, கொழுந்து வெட்டுகிறவளுக்கும் காய் பறிக்கிறவளுக்கும் வராது என்பது இன்னொரு பிதற்றல். 2008-ல் வெளிவந்த தமிழ்நாட்டு ஆராய்ச்சியில் நகரத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் இருந்ததாகக் கண்டார்கள். பத்தில் ஒருத்தி என்றால் ஒரு ஜீப்பில் அடைபட்டுப் போகும் கூட்டத்தில் ஒருத்தியல்லவா?

அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வா, மறுபடி வா என்றால் தூரத்துப் பெண் திரும்பி வரமாட்டாள் என்று கண்டு, அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரே சோதனையில் முடித்தார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி கழித்து ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை உண்டு. முதல் தடவை காட்டப் போகும்போது ஒன்று, அதில் இல்லையென்றாலும் 24 முதல் 28 வாரத்திற்குள் இன்னொன்று. 2007-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் இந்தச் சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று ஆக்கியது.

நிற்க. கண்ட பிறகு செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையா? சோற்றை அளவாக்கிப் பயறு, கீரை, முட்டையைக் கூட்டுவது, ஒரேயடியாய் உண்ணாமல் பிரித்து உண்பது, நடப்பது. கருப்பட்டியும் தேனும் "நாட்டுப் பொருள்" என்பதால் சர்க்கரை ஆகாமல் போய்விடாது. இரண்டு வாரம் இப்படி இருந்தும் சாப்பிட்டு இரண்டு மணி கழித்து 120-க்குள் வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ வேண்டும். "ஊசி போட்டால் ஆயுசுக்கும் போடவேண்டும்" என்று பயமுறுத்துகின்றார்கள். பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். ஊசி போட்டுக்கொண்டு விரதம் இருப்பதுதான் ஆபத்து; சர்க்கரை சடுதியில் இறங்கி மயக்கம் வரும்.

பிறந்த பிள்ளைக்கும் அந்த ஆபத்து உண்டு. தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோக, அதன் இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். ஆகவே பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும். ஒரு மணிக்குள் பால் கொடுத்து, ரத்தமும் பார்க்கவேண்டும். நம்மவர்களோ சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைக்க ராசியான கை தேடி ஆள் அனுப்புகின்றார்கள்.

தோட்ட முதலாளிகளையும் ஒன்று கேட்கவேண்டும். 1961-ல் வந்த பிரசவச் சகாயச் சட்டம் தோட்டங்களையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. 2017-ல் சம்பளத்தோடு லீவை 26 வாரமாக்கினார்கள். கங்காணி ஜீப்பில் ஏற்றிப் போகும் தினக்கூலிக்காரிக்கு அதில் ஒரு வாரமாவது கிடைத்ததுண்டா? இரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போகுமென்றால், இலவசச் சோதனையும் அவளுக்கு இலவசமல்ல. அந்த ஒரு நாள் கூலியைக் கொடுப்பதால் எந்த ஏலத் தோட்டமும் ஏலத்துக்கு வந்துவிடாது.

புருஷன்மார்களே! பிரசவமான ஆறாவது வாரம் அவளுக்கு மறுபடியும் அந்தக் குளுக்கோஸ் சோதனை செய்யவேண்டும். ஏனெனில் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வியாதி வரக்கூடியவர்கள் இவர்களே. அதற்கு அநேகர் அழைத்து வருவதில்லை. பிள்ளைக்கு மொட்டை போட ஜீப் பேசுகின்ற நீங்கள், தாய்க்கு ரத்தம் பார்க்க அதே ஜீப்பை க. விலக்கு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினால் என்ன?