குடிப்பவர் என்றால் தேட வேண்டாமா?

கணவரையோ அண்ணனையோ காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போகும் குடும்பத்திடம் ‘குடிப்பாரா?’ என்று கேட்கிறார்கள். ‘ஆமாம்’ என்றதும் புகாரின் கனம் குறைந்துவிடுகிறது. ‘காசு தீர்ந்தால் வந்துவிடுவார், இரண்டு நாள் பாருங்கள்’ என்ற பதிலோடும், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடும் திருப்பி அனுப்பப்படுவோர் பலர். இந்த வழக்கம் மாற வேண்டும். குடிநோயாளி ஒருவர் காணாமல்போனால், அந்தப் புகாருக்குத்தான் கூடுதல் அவசரம் காட்ட வேண்டும்.

காரணம் மருத்துவம் சார்ந்தது. நாள்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவருக்கு மது திடீரென நின்றால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு நாட்களில் நடுக்கம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிதல், இடமும் நேரமும் பிடிபடாத குழப்பம் எல்லாம் சேர்ந்து தாக்கலாம். சிகிச்சை தாமதித்தால் உயிரே போகலாம். ஆக, காசு தீரும் நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள். பேருந்து நிலையத்தில் விழுந்து கிடப்பவரை 108 ஆம்புலன்ஸ் அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது, தன் பெயரைச் சொல்லும் நிலையில்கூட அவர் இருக்கமாட்டார். பதிவேட்டில் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 45’ என்று ஏறுவார். பக்கத்து மாவட்டத்தில் அவர் மனைவி புகைப்படத்தோடு அலைந்துகொண்டிருப்பார்.

காணாமல்போனவருக்காகப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. மனநோயோடு தெருவில் திரிபவரைக் கண்டால் வழக்குப் பதிந்து, குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தகவல் தருவது நிலைய அதிகாரியின் கடமை என்கிறது அதன் 100ஆவது பிரிவு. ஆனால், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆசிரமம் ஒன்றில் சேர்க்கப்பட்டவர்கள் காணாமல்போன விவகாரமோ, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலான பிறகே 2023இல் வெளியே வந்தது. உறவினரைத் தேட நீதிமன்றம்வரை போக எத்தனை ஏழைக் குடும்பங்களால் முடியும்?

வயதுவந்தவர் விரும்பியே போயிருக்கலாம், அவரைத் தேடுவது அவரது உரிமையில் தலையிடுவதாகாதா என்று கேட்கலாம். தேடச் சொல்கிறோமே தவிர, வீட்டுக்கு இழுத்துவரச் சொல்லவில்லை. தெளிந்த நிலையில் இருப்பவர் திரும்ப மறுத்தால், உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் குடும்பத்துக்குச் சொன்னால் போதும். அவர் தெளிவாக இருக்கிறாரா என்று அறியவாவது முதலில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘இருக்கிற போலீஸ் போதாதே’ என்பது அடுத்த வாதம். இதற்குத் தனிப்படை தேவையில்லை. புகார் வந்த அன்றே அரசு மருத்துவமனைகள், 108, போதை மறுவாழ்வு மையங்கள், காப்பகங்கள் ஆகியவற்றின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே முதல் கட்டத் தேடல் முடிந்துவிடும். ‘குடித்தது அவர் தவறுதானே’ என்போரும் உண்டு. புகைபிடித்தவர் என்று நெஞ்சுவலிக்காரரை எந்த மருத்துவமனையும் வாசலிலேயே நிறுத்துவதில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தருகிறது. அந்த வருவாயை வாங்கும் அரசு, மதுவால் தொலைந்தவரைத் தேடும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. குடிநோயாளி குறித்த புகாருக்கு உடனே முதல் தகவல் அறிக்கை, பெயர் தெரியாத நோயாளிகளின் விவரம் அன்றாடம் காவல் துறைக்குச் செல்லும் ஏற்பாடு: இந்த இரண்டையும் அரசு உத்தரவாகவே பிறப்பிக்க வேண்டும்.