விடுதிக்குப் போகும் நம் பிள்ளைகள்

கல்லூரி திறக்கும் காலத்தில் பஸ் நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு பையில் துணிமணி, ஒரு பாய், ஒரு வாளி, கூடவே தாயோ தகப்பனோ. பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் போகிறான். நடவு நட்டுக் களை பறிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகள் போகிறாள். பல குடும்பங்களில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் ஆள் இவர்கள்தான். கூலி பேசுவது எப்படி, ரேஷன் கடையில் எடையைச் சரிபார்ப்பது எப்படி என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் விடுதி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப நம்மில் பலருக்குத் தெரியாது. நாம் அங்கே வாழ்ந்ததில்லை. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறோம். படித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். எழுத்தறியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைக்க வேண்டும். சர்க்கார் விடுதி யாரும் போடும் பிச்சை அல்ல. தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாம் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் எழுந்த கட்டடம் அது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று பல பெயரில் இருந்த இந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் "சமூக நீதி விடுதிகள்" என்று பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர்தான். பெயரில் உள்ள நீதி சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கிறதா என்று நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இவ்விடுதிகளில் கல்லூரி மாணவரின் உணவுக்கென்று மாதம் 1,100 ரூபாய் ஒதுக்கப்பட்டு வந்தது. 2023-ல் அது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் இந்த ஐம்பது ரூபாய்க்குள் அடங்க வேண்டும்! டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கினால் பாதிக்கு மேல் போய்விடும். இந்தச் சொற்பத் தொகையிலும் யாராவது கை வைத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது தண்ணீர்ச் சாம்பார்தான். ஆகவே விடுதியில் சேர்ந்ததும் உணவுப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமையில் முட்டை, எந்தக் கிழமையில் இறைச்சி என்று அதில் இருக்கும். பட்டியலில் உள்ளது தட்டில் வரவில்லையென்றால் கேட்பது குற்றமல்ல. தனியாகக் கேட்டால் மிரட்டுவார்கள். நாற்பது பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சங்கம் கண்ட நமக்கு இது புதிய பாடமா?

கல்லூரிகள் தாமே நடத்தும் விடுதிகளில் கணக்கு வேறு. பல இடங்களில் பங்கு முறை இருக்கிறது. அரிசி, காய்கறி, பால், எரிவாயு, சமையல் கூலி எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலையில் வகுப்பார்கள். ஊருக்குப் போகும் நாட்களை முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழிக்கும் விதி பல விடுதிகளில் உண்டு. தெரியாத பிள்ளை சாப்பிடாத சோற்றுக்கும் பணம் கட்டுகிறது. மெஸ் கமிட்டி இருந்தால் அதில் நம் பிள்ளைகள் சேர வேண்டும். முன்பணமாகக் கட்டும் காப்புத் தொகை, படிப்பு முடிந்ததும் திரும்ப வர வேண்டிய பணம். ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வர வேண்டிய பணத்தையும் விடக்கூடாது. சர்க்கார் பள்ளிகளில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022-லும் மாணவர்களுக்கு 2024-லும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். உதவித் தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருவதால், கணக்கும் ஆதாரும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முதல் மாதத்திலேயே ஒழுங்காக இருக்க வேண்டும். பணம் தாமதமாகலாம். அதற்காகக் கந்துவட்டிக்காரனிடம் ஓட வேண்டாம். அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். கட்டணத்தைக் காரணம் காட்டி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே கூறியிருக்கிறது.

அடுத்தது ராகிங் என்னும் கொடுமை. புதிதாக வந்தவனைச் சட்டையைக் கழற்றச் சொல்வதும், துணி துவைக்கச் சொல்வதும், இரவெல்லாம் நிற்க வைப்பதும் விளையாட்டல்ல. பண்ணையார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நம் பாட்டன்மாருக்கு அதன் பொருள் தெரியும். ஒருவனைக் கூனிக் குறுக வைத்து, அதில் மற்றவன் இன்பம் காண்பது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் படுகொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இச்சட்டப்படி ராகிங் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கல்லூரியிலிருந்து நீக்கமும் உண்டு. புகார் வந்தும் கண்டுகொள்ளாத நிர்வாகத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார். மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு விதிகள், முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்கும்படி கூறுகின்றன. புகார் செய்ய 1800-180-5522 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். இந்த எண்ணைப் பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளை போனில் அழுதால், "பொறுத்துக்கொள், எல்லோரும் பட்டதுதானே" என்று சொல்லாதீர்கள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒரு நாள் கூலியை விடப் பிள்ளையின் உயிர் பெரிது.

சாதியும் விடுதிக்குள் நுழையப் பார்க்கும். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1924-25-ல் தமிழகம் கொதித்து எழுந்தது. நூறாண்டு ஓடிவிட்டதே, அது ஒழிந்ததா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கண்டனம் எழுந்த பிறகே அகற்றினார்கள். பந்தியின் பெயர் மாறியிருக்கிறது. பந்தி பிரிக்கும் புத்தி மாறவில்லை. என்ன சாதி, எவ்வளவு மார்க், எந்தக் கோட்டா என்று கேட்பவனுக்கு நம் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை. அதேபோல், நம் பிள்ளையும் அறையில் யார் என்று பார்த்துச் சோறு பகிரும் ஆளாக இருக்கக்கூடாது. சாதிச் சங்கக் கயிற்றைக் கையில் கட்டிவிட ஆள் வருவான். அந்தக் கயிறு யாரையும் கரையேற்றியதில்லை.

பெண் பிள்ளையைத் தனியார் விடுதியில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மகளிர் விடுதி நடத்த உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள், கழிப்பறைக்குத் தண்ணீர், இரவில் வெளிச்சம் ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பிள்ளைகளிடமும் சில வார்த்தை. முதல் மாதம் கடினமாகத்தான் இருக்கும். வீட்டு நினைவு வாட்டும். வகுப்பில் பேசும் இங்கிலீஷ் புரியாது. பக்கத்துக் கட்டில்காரனின் செருப்பைப் பார்த்து உன் செருப்பை மறைக்கத் தோன்றும். இந்த வெட்கத்தால்தான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தோன்றும். வெட்கப்பட வேண்டியது ஏழ்மையில் வைத்திருக்கும் சமுதாயம், நீ அல்ல. புரியாததை ஆசிரியரிடம் கேள். மூத்தவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. பழைய புத்தகம் கொடுப்பார்கள், பாடம் சொல்லித் தருவார்கள். போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறேன் என்பவனை நம்பாதே. அவன் புதுக் கந்துவட்டிக்காரன். சமைத்துப் போடும் அம்மாவையும் கழிப்பறை கழுவும் தொழிலாளியையும் "நீ, வா, போ" என்று பேசாதே. உன் தாய் தகப்பனைப் போல உழைத்துப் பிழைப்பவர்கள் அவர்கள். நாளை நீ உயர்ந்த வேலைக்குப் போவாய்; எந்தப் பக்கம் நிற்பாய் என்பது இந்த விடுதியிலேயே தெரிந்துவிடும்.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. விலைவாசி ஏற ஏற உணவுத் தொகையும் ஏற வேண்டும். ஒழுகும் கூரையும் உடைந்த கழிப்பறையும் செப்பனிடப்பட வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் காப்பாளர் இரவில் தங்க வேண்டும். மாதக் கணக்கைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இவை தாமாக வந்துவிடா. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள விடுதிக்கு மாதம் ஒருமுறை இரண்டு பேரை அனுப்பட்டும். பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கட்டும். எங்களைக் கேட்க ஆள் உண்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும், மற்றவர்களுக்கும் தெரியட்டும்!