தங்கமீனுக்கும் மலச்சிக்கல் வரும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தால், செத்துவிட்டது என்று முடிவுகட்டி வடிகாலில் கொட்டிவிடாதீர்கள். செவுள் அசைகிறதா என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். அசைந்தால் மீனுக்கு உயிர் இருக்கிறது. பல வேளைகளில் அதற்கு வந்திருப்பது வெறும் வயிற்றுக்கட்டுதான்.

மீனுக்கு மலச்சிக்கலா என்று சிரிக்க வேண்டாம். லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் பசு, ஆடு, கோழி என்று வளர்த்தவர்கள்தாமே நாம்? மாட்டுக்கு வயிறு உப்பினால் எண்ணெயும் இஞ்சியும் புகட்டிய பாட்டிமார்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். பிறகு ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்கள் ஆயின. ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பம் மாடு கட்ட எங்கே போகும்? பிள்ளைகளுக்கு மிஞ்சியது பாசார் மாலாமில் பிளாஸ்டிக் பையில் வாங்கி வரும் இரண்டு தங்கமீன்தான். அதுவும் ஒரு வாரத்தில் கவிழ்ந்து மிதந்தால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீன நாட்டில் வளர்ப்பு மீனானது இது. நம் பேராக்கிலும் இதற்கு நல்ல இடம் உண்டு. 1985-இல் ஈய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பழைய ஈயக்குட்டைகள் பலவற்றில் மீன் வளர்ப்பு நடந்தது. ஈப்போ வட்டாரத்தில் அலங்கார மீன் பண்ணைகளும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டுத் தொட்டியில் நீந்துவது நம் ஊரிலேயே பிறந்த மீனாகவும் இருக்கலாம்.

இனி வயிற்று விஷயத்துக்கு வருவோம். உண்மையில் தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. பற்களும் வாயில் இல்லை, தொண்டையில் இருக்கின்றன. அங்கே அரைபட்ட தீனி நேரே குடலுக்குப் போய்விடும். சேர்த்து வைத்துக்கொள்ள இடம் இல்லாததால் அது நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மேயப் பிறந்த பிராணி. எப்போதும் பசித்ததுபோல வாயைத் திறந்துகொண்டு வரும். பாவம் பசிக்கிறது என்று அம்மா ஒரு பிடி, அண்ணன் ஒரு பிடி, பாட்டி ஒரு பிடி ரொட்டித் தூள் என்று போட்டால் குடல் என்ன ஆகும்?

மிதக்கும் உலர்ந்த தீனியில் இன்னொரு தொல்லை. மேலே வந்து கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். தீனியும் உள்ளே போய் ஊறி உப்பும். மீனை மிதக்கவைக்கும் காற்றுப்பை குடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடல் வீங்கினால் பை நசுங்கும், மீனுக்குத் தலை கால் புரியாமல் போகும். உருண்டை உடம்புள்ள ஒராண்டா, ரியூகின், ரஞ்சு போன்ற வகைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். அழகுக்காக மனிதன் உடம்பைக் குறுக்கி வளர்த்தான், உள்ளே இருப்பவை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. நீள உடம்புள்ள சாதாரண தங்கமீன் அவ்வளவாகச் சங்கடப்படாது.

முதல் மருந்து பட்டினி. ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள், ஒன்றுமே போடாதீர்கள். ஆரோக்கியமான பெரிய மீன் இதனால் சாகாது, பயப்பட வேண்டாம். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளைச் சுட்டுவிடும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து கலந்து ஊற்றுங்கள்.

அடுத்தது பச்சைப் பட்டாணி. இந்த வைத்தியத்தைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிரெக் லூபார்ட் எழுதியிருக்கிறார். உறையவைத்த பட்டாணி இரண்டை வெந்நீரில் வேகவிட்டு, ஆறியதும் தோலை உரித்து எறியுங்கள். உள்ளே இருக்கும் பருப்பை நசுக்கி, மீன் வாய்க்கு அடங்கும் துணுக்குகளாகப் போடுங்கள். உப்பு, எண்ணெய், தாளிப்பு எதுவும் ஆகாது. டின் பட்டாணியில் உப்பு இருக்கும், அதை விட்டுவிடுங்கள். உலர்ந்த பட்டாணிதான் கிடைக்கிறது என்றால் இரவு ஊறவைத்து நன்றாக வேகவிடுங்கள். பட்டாணி நீரில் அடியில் போய்விடும் என்பதால் மீன் காற்று விழுங்க வேண்டியதும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பட்டாணி தாராளம்.

பட்டாணி வாங்கப் பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்குக் கங்கோங் கீரை இருக்கிறது. ஈப்போ சாம் போ தோங் குகைக்கோவிலில் ஆமைகளுக்குக் கட்டுக்கட்டாகக் கீரை போடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தங்கமீனுக்கு அவ்வளவு வேண்டாம். இலையை மட்டும் வெந்நீரில் வாட்டி, பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் போதும்.

இரண்டு மூன்று நாளாகியும் வயிறு இறங்காவிட்டால் பேதி உப்பு உதவும். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி, தனியே கரைத்து மெல்ல ஊற்றுங்கள். ஆனால் சாப்பாட்டு உப்பை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். விளக்கெண்ணெய், இஞ்சிச் சாறு முதலிய மாட்டு வைத்தியங்களையும் மீன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எல்லா வீக்கமும் மலச்சிக்கல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். செதில்கள் அன்னாசிப் பழம் போல நிமிர்ந்து நின்றால் அது உள்ளுறுப்புக் கோளாறு. அதற்குப் பட்டாணி உதவாது. அந்த மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சில உருண்டை மீன்கள் குணமான பின்னும் கொஞ்சம் சாய்ந்தே நீந்தும். நன்றாகத் தின்கிறதென்றால் தண்ணீர் மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைத்து வளர்க்கலாம். அதைத் தூக்கி எறிவது பாவம் என்பது என் அபிப்பிராயம்.

குணமான பிறகு தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை போடுங்கள். உலர்ந்த தீனியைச் சிறிது நேரம் ஊறவைத்துப் போடுவது நல்லது. கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்பவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குளிர்ந்தால் மீனின் செரிமானமும் மெதுவாகும். வாரத்தில் ஒரு நாள் விரதமும் இருக்கட்டும். தீனி டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பாட்டிக்கும்தான்.

பாக்கெட்டில் மீந்த பட்டாணி குருமாவுக்கு ஆகும்.