பிராயமும் சுபாவமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட சாசனங்களைப் பார்க்க வருகிறவர்கள், குடவோலை முறையின் பெருமையையும் வாரியத்தில் இடம்பெற வேண்டிய தகுதிகளையும் யாராவது சொல்லக் கேட்டு வியந்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சாசனத்தில் வருகிற மனிதர்களுள் வயதில் மிகச் சிறியவனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெயர் எழுதிய ஓலைகளை இட்ட குடத்தைப் பெரியவர் ஒருவர் சபையார் எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க, அதிலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவன் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன் என்று விதித்திருக்கிறார்கள். அவன் கொடுக்கும் ஓலையை வாங்குகிற மத்தியஸ்தனோ, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்க வேண்டும். வளர்ந்தவன் கைக்கு இவ்வளவு காவல் வைத்த அந்தச் சபை, குழந்தையின் கைக்கு ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை.

வாரியத்துக்கு 35 வயது நிரம்பாதவனும் ஆகாது, 70-ஐக் கடந்தவனும் ஆகாது என்று வரையறுத்த சபை அது. எந்தப் பிராயத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை இப்போது நம் வீடுகளில் அருகிவிட்டது என்பதே என் குறை. ஒரு வயதில் இயல்பாக வந்து அந்த வயதோடு போய்விடுகிற நடத்தையை, அக்குழந்தையின் நிரந்தரமான சுபாவம் என்று தீர்மானித்து, அதற்கு ஒரு பெயரையும் சூட்டிவிடுகிறோம். இரண்டு வயதில் ‘மாட்டேன்’ என்றால் பிடிவாதக்காரன். நான்கு வயதில் இல்லாததைச் சொன்னால் பொய்யன். ஏழு வயதில் பெஞ்சில் நெளிந்தால் அடங்காப்பிடாரி.

சில நாட்களுக்கு முன் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பேரன்கள். பாட்டி ஒரே கரண்டியால் அளந்து, பெரியவனுக்கு ஒரு நெட்டை டம்ளரிலும் சின்னவனுக்கு ஓர் அகலமான டபராவிலும் பால் ஊற்றினாள். சின்னவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்கு மட்டும் நெறைய ஊத்திட்ட, ஆயா!” என்று ஆரம்பித்தான். “கண்ணத் தொறந்து பாருடா, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் ஊத்துனேன்” என்று ஆயா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உள்ளிருந்து வந்த தாய், “எப்பப் பாரு அண்ணன் மேல பொறாம!” என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். அவனுடைய டபராப் பாலை அண்ணனுடையதைப் போன்ற வேறொரு நெட்டை டம்ளரில் மாற்றி ஊற்றித் தருமாறு ஆயாவிடம் சொன்னேன். ஒரு சொட்டுப் பால் கூடவில்லை. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்து முடித்தான். “இதுல என்னா வந்துது இவனுக்கு?” என்று ஆயா என்னைக் கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலை, சுவிட்சர்லாந்து தேசத்தில் ழான் பியாஜே (1896–1980) என்னும் அறிஞர் இப்படியே பாத்திரம் மாற்றி மாற்றித் திரவத்தை ஊற்றிப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏறக்குறைய ஏழு வயது வரையில், கண்ணுக்குத் தெரிகிற உயரமே அளவு என்று குழந்தையின் புத்தி கொள்கிறது. உயரம் குறைந்தாலும் அகலம் கூடியிருப்பதால் அளவு மாறவில்லை என்று இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் திறன் அதற்குப் பிறகே வருகிறது. ஆகவே அந்தப் பையன் பொறாமைப்படவில்லை. தன் கண் சொன்னதை நம்பினான். ஆனால் ‘பொறாமை’ என்ற சொல் அவன் மேல் விழுந்துவிட்டது. வயது ஏற ஏற அளவு அவனுக்குத் தானே புரிந்துவிடும். அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்பதுதான் என் கவலை.

பொய்யும் இப்படித்தான். தான் அறிந்தது தாய்க்குத் தெரியாமலிருக்கக்கூடும் என்பது மூன்று, நான்கு வயதை ஒட்டித்தான் குழந்தைக்குப் புலப்படத் தொடங்குகிறது. வெல்லத்தைத் தின்றுவிட்டு வாயோரத்துத் துணுக்கோடு ‘நான் திங்கல’ என்று அது சொல்லும்போது, பிறர் மனம் வேறு, தன் மனம் வேறு என்று கண்டுகொண்டதற்கு அதுவே அத்தாட்சி. கண்டிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. திருடன் என்று பட்டம் கட்டாமல் கண்டிக்கலாமே என்கிறேன்.

இதெல்லாம் மேனாட்டார் சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பது உண்டு. நம் பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களை அவர்கள் ஒருமுறை இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்க்க வேண்டும். கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி என்று பருவம் பருவமாகப் பிரித்துப் பாடிய புலவர்கள், தொட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சிற்றில் பருவத்தில், சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்க வருகிறான் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன். அவனைப் பிடித்து அடித்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதாகவே பாடினார்கள். பின்னாளில், தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தொகுத்தளித்த பெரியசாமித் தூரன், ‘குழந்தை உள்ளம்’ என்று உளவியல் நூலே எழுதினார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, யுத்தத்தின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்ட மரியா மாண்டிசோரி அம்மையார், அங்கே ஆசிரியர்களுக்குப் போதித்தவற்றுள் முக்கியமான ஒன்றும் பருவத்தைப் பற்றியதே: ஒவ்வொரு திறனும் மலர ஒரு காலம் உண்டு என்பது.

பிராயம் பாராமையின் விலையை உத்திரமேரூர் இருக்கும் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டம் போலக் கொடுத்த இடம் அதிகம் இராது. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டையும் பின்னி இணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் அது ஆகாது. ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு பிள்ளையே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை எழுந்து போக முடியாத பிள்ளைகளும் உண்டு. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பிஞ்சு விரலுக்குத்தான் நுட்பம் வருமென்று சாதித்தார்கள். பத்து வயதுப் பிள்ளை பொழுதெல்லாம் ஒரே நாடாவைத் தள்ளிக் களைத்துக் கண் சொருகினால், சோம்பேறி என்று தலையில் குட்டினார்கள். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் குடும்பத்தார் நடத்தும் தறிக்கு விலக்களித்தது. 2016-இல் திருத்தம் வந்து, 14 வயது வரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற பிறகும், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்ற சந்து இன்னும் திறந்தே இருக்கிறது.

தறியிலிருந்து பிள்ளைகள் பெரும்பாலும் எழுந்துவிட்டார்கள் என்பது சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தத் தறிமேடையின் அவசரம் இப்போது வேறு உருவத்தில் காலை ஏழரை மணி வேனில் ஏறுகிறது. 1975 அக்டோபர் 2 அன்று சில வட்டாரங்களில் மட்டும் தொடங்கிப் பிறகு தேசம் முழுவதும் பரவிய திட்டத்தின் பயனாக நம் கிராமங்களில் அங்கன்வாடி இருந்தும், ‘அங்க எழுத வைக்கறதில்ல, வெறும் வெளையாட்டுத்தான்’ என்று சொல்லி, கடன் வாங்கியாவது மூன்று வயதுக் குழந்தையை ஆங்கில நர்சரிக்கு அனுப்புகிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவற்றுள் ஒன்றுகூட எலும்பாக உறைந்திராது. எட்டும் உறைய ஏறக்குறைய 12 ஆண்டு செல்லும். அந்தக் கை பென்சிலைப் பிடித்துக் கோட்டுக்குள் எழுதவில்லை என்றால், மந்தம் என்று டைரியில் குறிப்பு வருகிறது. வெறும் விளையாட்டு என்று இகழப்படுகிற அந்த மண் பிசைதலும் புளியங்கொட்டை பொறுக்குதலுமே எழுதப்போகும் விரல்களுக்கு அப்பியாசம் என்று பெற்றோருக்கு யார் சொல்வது?

‘கண்ண ரெண்ட மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க வாத்தியாரே’ என்று பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கமும் இன்னும் செத்துவிடவில்லை. 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. எந்தச் சட்டப் பிரிவும் வீட்டுக் கூடத்துக்குள் தினமும் எட்டிப் பார்க்க முடியாது. அடியாத மாடு படியாது என்கிறார்கள். மாட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். எல்லாம் வயதுதான், தானே சரியாகிவிடும் என்று சும்மா இருப்பதும் இதே பிழையின் மறுபக்கம். பிராயத்தைக் கவனிக்கிறவனுக்குத்தான், வரவேண்டிய பருவம் வராததும் தெரியும். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையையும், ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று வைத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டிய மருத்துவக் குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளவும் கூடாது.

நவம்பர் 1, உள்ளாட்சி தினம். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை கூடும். தெருவிளக்கும் குடிநீரும் சாலையும் பேசப்படும், பேசப்பட வேண்டியவையே. அவற்றோடு, உங்கள் ஊர் அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாட ஒரு வண்டி மணல் கொட்டித் தர வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போடுங்கள். மேலே ஒரு கீற்றுப் பந்தலும் இருந்தால் நல்லது. இங்கே வெயில் அதிகம்.